விதியா, விழிப்பா? – பிள்ளைச் செல்வத்தைக் காக்கும் இல்லறம்

இல்லறத்தாருக்கு இறைவன் அருளும் பேறுகளுள் தலையாயது மக்கட்பேறு என்பர் பெரியோர். திருவள்ளுவரும் இதற்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்துள்ளார். பிள்ளை வரம் வேண்டி விரதம் இருப்பதும், நேர்த்தி வைப்பதும், பிறந்த குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து ஆலயத்துக்குக் கொண்டுவந்து சந்நிதியில் கிடத்தி எடுப்பதும், முதல் முடியை இறைவனுக்கே காணிக்கையாக்குவதும் இந்துக் குடும்பங்களில் வழிவழியாக வந்த வழக்கங்களாகும். பிள்ளை இறைவன் தந்த செல்வம் என்ற உணர்வே இவற்றின் அடிப்படை.

ஆனால் அந்தப் பிள்ளை கிணற்றில் விழுந்தாலோ, கொதிநீர் கொட்டி வெந்தாலோ, போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டாலோ, கூடியிருப்போர் வாயில் முதலில் வரும் சொல் “எல்லாம் விதி” என்பதுதான். “அவன் கொண்டுவந்த ஆயுள் அவ்வளவுதான்” என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. “யாருடைய கண்ணூறோ” என்று சொல்வோரும் உண்டு. சில நாட்களின் பின் எல்லோரும் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கிணறு மட்டும் கட்டில்லாமல் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. வீட்டில் பிள்ளைக்கு நேரும் விபத்து விதியின் செயலா, வீட்டாரின் விழிப்பின்மையா? எல்லாம் இறைவன் செயல் என்று நம்பும் ஓர் அடியார் கிணற்றுக்குக் கட்டு எழுப்பினால், அது அவருடைய நம்பிக்கையில் உள்ள குறையா, அன்றி அந்த நம்பிக்கையின் நிறைவா? சிறு பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் இதனைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும்.

நூல்கள் சொல்லும் விதி

விதி இல்லை என்று இந்து சமயம் கூறவில்லை. திருக்குறளில் அறத்துப்பாலின் இறுதியில், 38 ஆவது அதிகாரமாக ‘ஊழ்’ வைக்கப்பட்டுள்ளது. ஊழின் வலிமையை வள்ளுவர் அங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். ஆயினும் அவர் அத்தோடு நூலை முடித்துவிடவில்லை. பொருட்பாலில் 62 ஆவது அதிகாரமாக ‘ஆள்வினையுடைமை’யை வைத்து, தளராது முயல்பவர் அந்த ஊழையும் புறங்காண்பர் என்று உறுதி கூறுகிறார். ஊழைச் சொன்ன அதே வாய்தான் முயற்சியையும் சொல்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது வள்ளுவர் காட்டிய வழியன்று.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுத்துக் கூறும். முன்பு ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் அனுபவிக்க வந்திருப்பது பிராரத்தம். இன்று செய்யும் செயலால் புதிதாக ஏறுவது ஆகாமியம். இவற்றுள் பிராரத்தம் இன்னது என்று எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் தெரியாது. தன் பிள்ளையின் ஆயுள் எவ்வளவு என்று அறியாத ஒருவர், “ஆயுள் இருந்தால் பிழைக்கும்” என்று கூறி அடுப்படியில் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்வது எந்த வகையில் நியாயமாகும்? பிள்ளையின் பிராரத்தம் பெற்றோரின் கையில் இல்லை. ஆனால் பெற்றோரின் ஆகாமியம் அவர்களுடைய கையிலேயே இருக்கிறது. கவனமின்மையும் ஒரு செயலே. அதற்கும் கணக்கு உண்டு.

புராணங்களும் இதனையே உணர்த்துகின்றன. மார்க்கண்டேயருக்கு வயது பதினாறு என்று விதிக்கப்பட்டிருந்தது. அவர் அதை அறிந்ததும் மூலையில் ஒடுங்கி நாளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை, இறைவனை இறுகப் பற்றிக்கொண்டார். பாரதத்தில் பாண்டவரைத் தாயோடு சேர்த்து எரித்துவிடும் நோக்கத்தோடு வாரணாவதத்தில் அரக்கு மாளிகை கட்டப்பட்டது. விதுரர் குறிப்பாக உணர்த்தியதைத் தருமர் விளங்கிக்கொண்டார். நிலத்தின் கீழ்ச் சுரங்க வழி அமைக்கப்பட்டது. பாண்டவர் விழிப்போடு இருந்து, தக்க சமயத்தில் அவ்வழியே தப்பினர். கண்ணனின் அன்புக்குரியவர்களான பாண்டவரே “வீடு எரிந்தால் விதி” என்று படுத்து உறங்கவில்லை. ஆடி மாதத்தில் உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பைக் காணச் செல்லும் அடியார்கள் இதையும் நினைவிற் கொள்ளத்தக்கது. தீயை மிதிப்பவர் விரதம் காத்து, ஆயத்தத்தோடு, பெரியோர் துணையோடு இறங்குகிறார். நெருப்போடு விளையாடலாம் என்று பக்தி எங்கும் சொல்லவில்லை.

மாறிப்போன விதி

விதி என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டவை பின்னர் எவ்வாறு மாறின என்பதை இலங்கையின் வரலாறே காட்டுகிறது. 1946 ஆம் ஆண்டில் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1000 குழந்தைகளிலும் 141 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன்பே இறந்தன. அக்காலத் தாய்மார் பலர் ஒரு பிள்ளையையாவது மண்ணுக்குக் கொடுத்தவர்கள். இன்று அந்தத் தொகை 1000 இற்கு 10 இலும் குறைவு. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் குழந்தைகளின் தலையெழுத்து இவ்வளவு மாறிவிட்டதா? மாறியது மனிதரின் விழிப்பே ஆகும். 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதுக்களும், கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்குகளும், நுளம்பு ஒழிப்பும், பெண் பிள்ளைகளையும் படிக்கவைத்த இலவசக் கல்வியும், 1978 இல் நாடளாவிய திட்டமாக வந்த தடுப்பூசியும் சேர்ந்தே இதைச் சாதித்தன.

இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய பிள்ளையைப் பார்த்து “முற்பிறப்பின் வினை” என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். சொட்டு மருந்து வந்தது. 1993 ஆம் ஆண்டின் பின் இலங்கையில் எந்தப் பிள்ளைக்கும் அந்நோய் வரவில்லை. உலர் வலயத்துக் கிராமங்களை ஆட்டிப்படைத்த மலேரியாக் காய்ச்சலும் 2012 இற்குப் பின் உள்நாட்டில் பரவாது நின்றது. 2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அம்மன் பெயரோடு மக்கள் அஞ்சி வணங்கிய வைசூரி 1980 இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதனால் அம்மன் வழிபாடு குறைந்துவிடவில்லை. பயத்தால் வணங்கிய தாயை இன்று நன்றியோடு வணங்குகிறார்கள். இறைவன் மனிதருக்குத் தந்த அறிவும் அவனுடைய அருளே என்பதை இதனால் உணரலாம்.

ஒரு விளக்கின் கதை

நோய்க்குப் பொருந்துவது விபத்துக்கும் பொருந்தும். மின்சாரம் எல்லா வீடுகளுக்கும் வராத காலத்தில், காலியான மருந்துப் போத்தலிலும் பழைய மின்குமிழிலும் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரித்த குப்பி விளக்கே ஏழைகளின் ஒளி. அது தட்டுப்பட்டால் சரியும். சரிந்தால் உருளும். உருண்டால் எண்ணெய் கொட்டித் தீப்பற்றும். பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும், சமைத்துக்கொண்டிருந்த பெண்களும் இவ்வாறு வெந்துபோயினர்.

வைத்தியசாலைகளில் இத்தகையோருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவர் டொக்டர் விஜய கொடகும்புர என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். வெந்த உடலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருப்பது மட்டும் போதாது, வேகாமற் காப்பதே மேல் என்று அவர் கருதினார். குள்ளமாக, கனமாக இருக்கும் மாமைட் போத்தலைக் கண்டு அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. விளக்கு குள்ளமாகவும் கனமாகவும் இருந்தால் இலகுவில் சரியாது. இரண்டு பக்கமும் தட்டையாக இருந்தால் சரிந்தாலும் உருளாது. மூடி திருகி இறுக்கப்பட்டிருந்தால் எண்ணெய் கொட்டாது. இவ்வளவுதான். ‘சுதீப’ என்ற இந்தப் பாதுகாப்பு விளக்கை 1992 இல் அவர் அறிமுகம் செய்தார். 1998 இல் இதற்காக உலகப் புகழ்பெற்ற ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. இலட்சக்கணக்கான விளக்குகள் வறிய வீடுகளுக்குச் சென்றன.

போத்தலின் வடிவத்தை மாற்றியதால் தவிர்க்க முடிந்த ஒன்றை விதி என்று எப்படிச் சொல்வது? விதி என்று கூறி விலகிச் சென்றவர்கள் ஆயிரம் பேர். நின்று போத்தலைப் பார்த்தவர் ஒருவர். அந்த ஒருவரின் விழிப்புப் பல பிள்ளைகளுக்குக் காப்பாயிற்று. இன்று மின்விளக்கு வந்துவிட்டாலும், 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாட்கள் போன்ற வேளைகளில் திரியும் மெழுகுதிரியும் மீண்டும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன என்பதை மறத்தலாகாது.

பால் பொங்கிய நேரம்

ஸ்ரீமத் பாகவதத்தில் வரும் ஒரு காட்சி தாய்மார் அனைவரும் அறிந்தது. யசோதை கண்ணனை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிறது. பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுகிறாள். அவள் திரும்பி வருவதற்குள் தயிர்ப்பானை உடைந்து கிடக்கிறது. கண்ணனைக் காணவில்லை. தேடிப் பிடித்து உரலோடு கட்டுகிறாள். மீண்டும் வீட்டு வேலை அவளை அழைக்கிறது. கண்ணன் உரலை இழுத்துக்கொண்டே போய் இரு மருத மரங்களைச் சாய்த்துவிடுகிறான்.

இதில் யசோதையைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. அவள் அன்பில்லாத தாயல்லள். அடுப்பில் பால், மடியில் பிள்ளை, கை இரண்டு. எல்லா வீடுகளிலும் விபத்து நுழைவது இந்தப் ‘பால் பொங்கிய நேரத்தில்’தான். பங்களாதேசில் நடந்த ஆய்வுகளும் இதையே கண்டன. அங்கே நீரில் மூழ்கி இறந்த ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில், தம் வீட்டுக்கு மிக அருகிலிருந்த குளம் குட்டைகளிலேயே மூழ்கினர். தாய் சமையலில் இருக்கும் நேரம் அது. தகப்பன் வேலைக்குப் போயிருக்கும் நேரமும் அதுதான். இதற்கு அவ்வூரார் கண்ட வழி எளியது. அந்தச் சில மணித்தியாலங்களுக்கு மட்டும் கிராமத்திலுள்ள ஒரு பெண்மணியின் பொறுப்பில் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு ‘ஆஞ்சல்’ என்று பெயர். வங்க மொழியில் அது சேலை முந்தானையைக் குறிக்கும் சொல். அந்த முந்தானையின் கீழ் வந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது வெகுவாகக் குறைந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். களப்பும் கடலும் உப்பளமும் சூழ்ந்த கரைத்தீவு போன்ற ஊர்களில் வாழ்வோர் இதைக் கேட்டுவிட்டு வாளா இருத்தல் ஆகாது.

வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

விழிப்பு என்பது நாள் முழுவதும் பயந்துகொண்டிருப்பதன்று. ஒருமுறை ஒழுங்கு செய்து வைத்தால் பின்னர் மனம் நிம்மதியாக இருக்கும். பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவும் இல்லை.

நீர்: கிணற்றுக்கு இடுப்பளவு கட்டும், பலகையோ வலையோ கொண்டு ஒரு மூடியும் வேண்டும். கழுவும் வாளியிலும் பேசினிலும் நீரை மிச்சம் வைக்காது கவிழ்த்துவிடல் வேண்டும். தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் ஒரு சாண் நீரும் உயிரை வாங்கப் போதும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. சத்தமின்றியே போய்விடும். கரையில் கட்டியுள்ள வள்ளத்திலும், உப்பளப் பாத்திகளின் ஓரத்திலும், கைவிடப்பட்ட இறால் பண்ணைக் குட்டைகளின் அருகிலும் சிறுவர் தனியே விளையாட இடமளித்தல் கூடாது. மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி மூச்சூட்டல் வேண்டும். இதைக் கற்ற ஒருவராவது ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருப்பது நன்று.

நெருப்பு: சட்டி, பானைகளின் கைப்பிடி உட்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தேநீர்க் கோப்பையையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் பிள்ளை எட்டும் மேசை விரிப்பின் மேல் வைத்தலாகாது. விரிப்பை இழுத்தால் எல்லாம் தலையில் கொட்டும். சூடான பானத்தைக் குடிக்கும்போது பிள்ளையை மடியில் வைத்திருத்தல் கூடாது. வெந்துவிட்டால் உடனே காப்பு, அரைஞாண் முதலியவற்றைக் கழற்றி, ஓடும் சாதாரண நீரில் 20 நிமிடம் பிடித்திருந்து, சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பற்பசை, சாம்பல், எண்ணெய், மை எதுவும் பூசலாகாது. பூசினால் சூடு உள்ளேயே தங்கிப் புண் ஆழமாகும்.

நஞ்சு: வள்ளத்து இயந்திரத்துக்கு வாங்கும் மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைப்பது இக்கரையோர வீடுகளில் சாதாரணம். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது குடிக்கும் போத்தல்தான். எண்ணெய்க்கும் கிருமிநாசினிக்கும் வேறு நிறக் கலன் வைத்து உயரத்தில் பூட்டி வைத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைப்பது பெருந்தவறு. வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாட்டியின் குளிசைகளும் தலையணைக்கடியில் இருத்தலாகாது. பூசைக்குப் பூப்பறிக்கும் மஞ்சள் அலரி மரத்தின் விதை இருதயத்தை நிறுத்திவிடும் நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிவைத்தல் வேண்டும்.

தொண்டையும் கழுத்தும்: நான்கைந்து வயது நிறையும்வரை முழுக் கச்சானும், மரமுந்திரிகைப் பருப்பும், றம்புட்டான் பழமும் கொடுத்தலாகாது. மீனை முள் நீக்கிக் கையால் பிசைந்து பார்த்த பின்னரே ஊட்ட வேண்டும். கண்ணூறுக்குக் கட்டும் கறுப்பு நூலையும் தாயத்தையும் கழுத்தில் கட்டாது இடுப்பிலோ கையிலோ கட்டினால் நம்பிக்கைக்கும் குறைவில்லை, பிள்ளைக்கும் ஆபத்தில்லை. ஏணையில் குழந்தை உறங்கலாம், ஆனால் பெரிய பிள்ளைகள் தனியே அதைச் சுழற்றி விளையாட விடுதல் கூடாது. துணி முறுகிக் கழுத்தை இறுக்கும். கைக்குழந்தையை மல்லாக்காகக் கிடத்தி, முகத்தருகே தலையணை வைக்காது உறங்கவைக்க வேண்டும். நுளம்பு வலை நுளம்பை மட்டுமன்றி ஊரும் பிராணிகளையும் தடுக்கும்.

திருவிழா நாட்கள்: ஆலயச் சூழலிலும் விழிப்புத் தேவை. கர்ப்பூரச் சட்டியின் அருகிலும் விளக்கு வரிசையின் அருகிலும் நைலோன் பாவாடை அணிந்த சிறுமியரைத் தனியே விடலாகாது. கூட்டத்தில் தவறிவிடாதிருக்கப் பிள்ளையின் சட்டைப்பையில் தகப்பனின் தொலைபேசி இலக்கத்தை எழுதிவைக்கலாம். தீர்த்தக் கிணற்றடியில் தொண்டர் ஒருவரை நிறுத்துவது ஆலய நிர்வாகத்தாரின் கடமை.

எந்த அவசர வேளையிலும் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். இவ்விலக்கம் வீட்டுச் சுவரில் சாமிப் படத்தின் அருகே எழுதப்பட்டிருப்பது நல்லது. சிறுவருக்குப் பிறரால் தீங்கு நேர்ந்தால் 1929 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

யாருடைய கண்?

இவ்வளவையும் சொல்லிவிட்டு “தாய்தான் கவனிக்க வேண்டும்” என்று முடித்துவிடுவது பெரிய அநீதி. பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் “நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று தாயைக் கேட்கிறார்கள். கிணற்றுக்குக் கட்டு எழுப்பாத தகப்பனிடம் அக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றியவர் பெரும்பாலும் தாயல்லர். விடுமுறை நாட்களில் கைபேசியில் மூழ்கியிருக்கும் தகப்பன் அரை மணி நேரம் பிள்ளையை வைத்திருந்தால், பால் பொங்கும்போது தாய்க்கு ஓட வேண்டியதில்லை.

இதைவிடக் கொடியது எட்டு ஒன்பது வயது அக்காவின் இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்துவிட்டுப் பெரியவர்கள் போய்விடுவது. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் இது அதிகம். அம்மம்மாவுக்கு முடியாதபோது அந்தச் சிறுமியே தாயாகிவிடுகிறாள். அவளும் ஒரு பிள்ளை. அவளுக்கும் விளையாட்டுப் புத்திதான். ஏதேனும் நேர்ந்துவிட்டால், பெரியவர்கள் விதி என்று சொல்லி ஆறிவிடுவார்கள். அவளோ “என் கையால் போயிற்று” என்ற பாரத்தைக் கிழவியாகும்வரை சுமப்பாள். ஒரு பிள்ளையைக் காக்க இன்னொரு பிள்ளையைப் பலியாக்குவது அறமாகாது. அக்கா உதவலாம். பொறுப்புப் பெரியவரிடமே இருக்க வேண்டும்.

கோகுலத்தார் செய்ததை இங்கே நினைத்தல் தகும். மருத மரங்கள் பிள்ளையின் அருகில் விழுந்த பின்னர் ஆயர்கள் அனைவரும் கூடினார்கள். யசோதையை யாரும் ஏசவில்லை. விதி என்று சொல்லிக் கலைந்து போகவும் இல்லை. இந்த இடம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று முதியவரான உபநந்தர் எடுத்துச் சொல்ல, ஊர் முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு பிருந்தாவனத்துக்குப் பெயர்ந்தது. கண்ணன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர்கள் அதையே செய்திருப்பார்கள். ஒரு பிள்ளையைக் காக்க ஓர் ஊரே எழுந்த கதை அது.

கரையோர ஊர்களில் இன்று எவரும் வண்டி கட்டிப் பெயர வேண்டியதில்லை. சிரமதானத்தில் ஒரு நாளை ஒதுக்கி, சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளின் கிணறுகளுக்கு வேலி கட்டிக் கொடுத்தால் போதும். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைக் காலையில் சில மணித்தியாலங்கள் அயலிலுள்ள முதியவர்கள் முறை வைத்துப் பார்க்கலாம். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு முதலுதவியும் நீச்சலும் கற்பிக்கலாம். ஆலயம் ஊரின் நடுவில் இருப்பது பூசைக்கு மட்டுமன்று, ஊர் ஒன்றாகக் கூடுவதற்கும்தான்.

விதி என்ற சொல்லின் இடம்

இனி, விதி என்ற சொல்லுக்கு இடமே இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. எவ்வளவு விழிப்போடு இருந்தாலும் சில வேளைகளில் இழப்பு நேரும். முழுக் கவனத்தோடு வளர்த்த பிள்ளையையும் நோயோ விபத்தோ கொண்டு போவதுண்டு. அப்போது அந்தத் தாயின் கையைப் பிடித்து, “அம்மா, இது உன் பிழையன்று, இது விதி” என்று சொல்வது அவளைச் சாகாமற் காக்கும் மருந்து. அந்த இடத்தில் அதைவிடக் கருணையான சொல் வேறில்லை. பிழை நேர்ந்திருந்தாலும்கூட, அழுதுகொண்டிருப்பவளின் முன் நின்று கணக்குக் கேட்பது பக்தர்களுக்கு அழகன்று.

ஆகவே விதி என்பது அழுபவரின் கண்ணீரைத் துடைக்க வைத்த சொல். கிணற்றுக்குக் கட்டு எழுப்பாதிருப்பதற்கு வைத்த சாட்டன்று. நடந்த பின் சொன்னால் அது ஆறுதல். நடக்குமுன் சொன்னால் அது சோம்பல். பிறர் துன்பத்தைக் கண்டு சொன்னால் அது அன்பு. தன் கடமையை மறைக்கச் சொன்னால் அது பாவம். ஒரே சொல்தான், சொல்லும் நேரத்தையும் இடத்தையும் பொறுத்து அறமாகவும் மறமாகவும் மாறிவிடுகிறது.

பிள்ளையைச் சந்நிதியில் கிடத்தி “இது உன் பிள்ளை” என்று ஒப்படைத்த தாய், அதைத் திரும்பத் தூக்கி எடுக்கிறாள் அல்லவா? அந்தக் கணத்தில் இறைவன் அப்பிள்ளையை அவளிடம் அடைக்கலமாகத் தருகிறான் என்று கொள்ளல் வேண்டும். அடைக்கலப் பொருளைக் காப்பதில் பிறர் பொருளைக் காப்பதிலும் கூடிய கவனம் வேண்டும் என்பது பழையோர் நெறி. இரவில் விளக்கை அணைக்குமுன் வாளியைக் கவிழ்த்து, அடுப்பைப் பார்த்து, போத்தலை உயரத்தில் வைத்து, பிள்ளைக்குத் திருநீறு பூசிப் படுக்கவைக்கும் வீட்டில் அந்த நாலு செயலும் ஒரே வழிபாடுதான்.

வருகின்ற ஆண்டில் ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளும் கட்டோடும், எல்லாப் பிள்ளைகளும் நலத்தோடும் இருக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவாராக.